கட்டுக்கரையில் கண்ட கருமை

மன்னாரிலிருந்து கட்டுக்கரைக்குச் செல்பவர்கள் குளத்தைப் பார்க்கவே செல்வார்கள். பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சித்திர ஆசிரியரான நண்பர் ஒருவருடன் நாமும் அந்த நோக்கத்தோடேயே புறப்பட்டோம். ஆயினும் எமது கைப்பையிலே குளத்தோடு எவ்விதத் தொடர்புமில்லாத ஒரு பொருள் இருந்தது. இலண்டன் மாநகரில் வாழும் எமது பழைய மாணவர் ஒருவர் அனுப்பிவைத்த பெரிய ஓவியப் புத்தகம் அது. வாரம் முழுவதும் கல்லூரி அலுவல்களுக்கிடையே அதனை விரித்துப் பார்க்க நேரம் கிட்டவில்லை. "குளக்கட்டிலே மருதமர நிழலில் இருந்து ஆறுதலாகப் பார்ப்போம்" என்றார் நண்பர். அவ்வாறே செய்வதென முடிவாயிற்று.

புறப்படுமுன் பள்ளிமுனைக்குச் சென்று பெருக்கமரத்தை ஒருமுறை கண்டுவருவது எமது வழக்கம். மன்னார்த் தீவுக்கு வருகின்ற எவரும் அதனைக் காணாது திரும்புவதில்லை. அடிமரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கு மேற்பட்டது. உயரமோ அந்தப் பருமனுக்குச் சற்றும் பொருந்தாதது. யானையின் தோல் போன்ற பட்டையைத் தடவிக்கொண்டு நிற்கையில், ஒரு மரத்தின் அருகே நிற்கிறோம் என்ற எண்ணமே தோன்றுவதில்லை. மிக முதிர்ந்த ஒருவரின் முன்னிலையில் நிற்பது போன்ற பணிவே உண்டாகும். இம்மரத்தின் தாயகம் ஆபிரிக்கா. அராபிய வணிகர்கள் கடல்வழியாகக் கொண்டுவந்து இங்கே நட்டார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி.

மரத்தை வியந்து போற்றுகின்ற நாம், அதே கண்டத்திலிருந்து கொண்டுவரப்பட்ட மனிதரை நினைப்பது அரிது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும், அவர்களுக்குப் பின்னர் ஆங்கிலேயரும் ஆபிரிக்க மக்களை அடிமைகளாகவும் போர்வீரர்களாகவும் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் மன்னாருக்குத் தெற்கே, புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் இன்றும் வாழ்ந்து வருகின்றார்கள். போர்த்துக்கேயம் கலந்த கிறியோல் மொழியில் அவர்கள் பாடுகின்ற 'மாஞ்சா' இசை இந்நாட்டின் செல்வங்களுள் ஒன்று. ஆயினும் எமது பாடநூல்களிலே அவர்களுக்குக் கிடைத்த இடம் மிகச் சொற்பம். மரத்துக்கு வேலி கட்டிப் பாதுகாத்தோம். மனிதரின் வரலாற்றை ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டோம்.

இந்த எண்ணத்துடன் பாலத்தைக் கடந்தோம். திருக்கேதீச்சரத்துக்குப் பிரியும் சந்தியிலே இருந்த இடத்திலிருந்தே கைகூப்பினோம். உயிலங்குளம் கடந்து முருங்கனை அணுகும்போது உப்புக்காற்று மாறி வயற்காற்று வீசத் தொடங்கியது. காலபோக அறுவடை முடிந்து, அரிதாள் மட்டும் நின்ற வயல்களில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. சிறிது தூரத்தில், வானத்துக்கும் வயலுக்கும் இடையே நீண்டதொரு மண்மேடு தெரிந்தது. அதுவே கட்டுக்கரைக் குளத்தின் கட்டு.

கட்டின்மீது ஏறி நின்றால், முன்னே கண்ணுக்கெட்டிய தூரம்வரை நீர்; பின்னே கண்ணுக்கெட்டிய தூரம்வரை வயல். இரண்டுக்கும் இடையில் மனிதன் போட்ட ஒரு மண்வரம்பு. அருவியாற்றை மறித்துத் தேக்கம் என்னும் இடத்தில் அணை கட்டி, அங்கிருந்து வாய்க்கால் வழியாக நீரைக் கொண்டுவந்து இந்தக் குளத்தில் நிறைத்தார்கள் பண்டை மக்கள். இங்கிருந்து துருசுகள் வழியே பாயும் நீர் நூற்றுக்கு மேற்பட்ட சிறு குளங்களை நிரப்பிச் செல்கிறது. மன்னாரின் சோறு இந்தக் கட்டின்மேல் நிற்கிறது என்றால் மிகையன்று.

இக்குளத்தை 5ஆம் நூற்றாண்டின் தாதுசேன மன்னனோடு தொடர்புபடுத்துவாரும், 12ஆம் நூற்றாண்டின் முதலாம் பராக்கிரமபாகுவோடு தொடர்புபடுத்துவாரும் உளர். ஆங்கிலேயர் இதற்கு இட்ட பெயர் இராட்சதன் குளம் என்னும் பொருளுடையது. சிங்களப் பெயராகிய யோத வாவி என்பதும் அதே கருத்தைத் தருவது. இத்துணைப் பெரிய வேலையை மனிதர் செய்திருக்க முடியாது என்று எண்ணினார்கள் போலும்! மன்னர்களின் பெயர் நின்றது. இராட்சதரின் பெயரும் நின்றது. கூடையிலே மண் சுமந்து கொட்டியவர்களின் பெயர் மட்டும் நிற்கவில்லை.

இங்கே ஒரு செய்தியை வாசகர்கள் அறிந்துகொள்வது நலம். இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ட் 1859ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், இக்குளத்தை அமைத்தவர்கள் நிலமட்டத்தைப் பிழையாகக் கணித்துவிட்டார்கள் என்றும், ஆற்றுநீர் குளத்துக்கு வராது மீண்டும் ஆற்றுக்கே திரும்பிவிட்டது என்றும் எழுதினார். படித்தவர்கள் பலரும் அதனை நம்பினார்கள். பின்னர் அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் குளத்தைத் திருத்தியபோது, பண்டையோர் கணித்த மட்டம் சரியானது என்பது புலனாயிற்று. பிழை குளத்தில் இருக்கவில்லை. பார்த்தவரின் கண்ணில் இருந்தது. இதனை நண்பருக்கு எடுத்துரைத்தபோது, "இந்தப் புத்தகத்தின் கதையும் அதுதான்" என்று சொல்லி அவர் பொதியை அவிழ்த்தார்.

கெரி ஜேம்ஸ் மார்ஷல் என்னும் அமெரிக்க ஓவியரின் வாழ்நாட் படைப்புகளைத் திரட்டி, இலண்டனிலுள்ள அரச கலைக் கழகத்தில் 2025ஆம் ஆண்டு செப்டெம்பர் முதல் 2026ஆம் ஆண்டு சனவரி வரை ஒரு கண்காட்சி நடைபெற்றது. ஏறத்தாழ 70 படைப்புகள் அங்கே வைக்கப்பட்டிருந்தன. அதற்கு முன்னர் 2016, 2017ஆம் ஆண்டுகளில் சிக்காகோ, நியூயோர்க், லொஸ் ஏஞ்சலிஸ் ஆகிய நகரங்களின் நூதனசாலைகளிலும் இத்தகைய பெருங்காட்சி ஒன்று நிகழ்ந்தது. எமது மாணவர் அனுப்பியது இலண்டன் கண்காட்சியை ஒட்டி வெளிவந்த புத்தகமாகும்.

மார்ஷல் 1955ஆம் ஆண்டு அமெரிக்காவின் தென்பகுதியிலே, அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹாம் நகரிற் பிறந்தவர். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே பாடசாலையிற் படிப்பதற்கும் ஒரே உணவுச்சாலையில் அமர்வதற்கும் இடமில்லாதிருந்த ஊர் அது. 1963ஆம் ஆண்டு அவருடைய குடும்பம் லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. அதே ஆண்டிலேதான் பர்மிங்ஹாமில் ஒரு தேவாலயத்தில் வைக்கப்பட்ட குண்டு வெடித்துக் கறுப்பினச் சிறுமியர் நால்வர் மாண்டார்கள். இத்தகைய காலத்தில் வளர்ந்த ஒரு பிள்ளை சித்திரம் பயிலச் சென்றபோது கண்டதென்ன? மேல்நாட்டு நூதனசாலைகளின் சுவர்களிலே கறுப்பு மனிதரைக் காண்பது அரிது. கண்டாலும், பணியாளராக ஓர் ஓரத்தில் நிற்பார். இந்தக் குறையைத் தீர்ப்பதையே மார்ஷல் தமது வாழ்நாட் பணியாக ஏற்றுக்கொண்டார்.

முதலில் நண்பர் காட்டியது 1980ஆம் ஆண்டில் வரையப்பட்ட மிகச் சிறிய படம். கரிய பின்னணியிலே கரிய முகம். கண்களும் பற்களும் சட்டையின் ஒரு கீற்றும் மாத்திரம் வெண்மையாகத் தெரிகின்றன. ரால்ப் எலிசன் என்னும் கறுப்பின எழுத்தாளர், மற்றவர் கண்ணுக்குப் புலப்படாத மனிதன் ஒருவனைப் பற்றி 1952ஆம் ஆண்டு வெளியிட்ட நாவலைப் படித்ததன் பயன் இந்தப் படம் என்பர். இருக்கிறான், ஆனால் தெரியவில்லை. நாம் நின்ற குளக்கட்டை நினைத்துக்கொண்டோம்.

பின்னர் வந்த படங்கள் சுவரை நிறைக்கும் அளவானவை. 1993ஆம் ஆண்டின் ஓவியத்தில் ஒரு சிகை அலங்கார நிலையம். 1997ஆம் ஆண்டின் ஓவியத்தில் ஏரிக்கரையிலே விருந்துண்டு விளையாடும் ஒரு குடும்பம். 2012ஆம் ஆண்டின் ஓவியத்தில் பெண்கள் கூடிநிற்கும் ஓர் அழகு நிலையம். எவரும் அழவில்லை, எவரும் எம்மிடம் இரக்கம் கேட்கவில்லை. மேல்நாட்டுப் பேராசான்கள் அரசர்க்கும் தேவதூதர்க்கும் கொடுத்த அளவையும் அலங்காரத்தையும் முடிவெட்டப்போன மனிதருக்கும் கூந்தல் வாரப்போன பெண்ணுக்கும் கொடுத்திருக்கிறார். அவருடைய அண்மைக்கால ஓவியங்கள் சில ஆபிரிக்காவின் அடிமை வாணிபத்தைப் பற்றியவை. அவற்றிலே, ஆபிரிக்கரே ஆபிரிக்கரைப் பிடித்து விற்ற கசப்பான உண்மையையும் அவர் மறைக்கவில்லை.

இந்த ஓவியங்களில் மனிதரின் நிறம் மண்ணிறமும் அன்று, மாநிறமும் அன்று, கறுப்பே. ஆயினும் அது தட்டையான கறுப்பன்று. எலும்பைச் சுட்ட கரியிலிருந்து ஒரு கறுப்பு, புகைக்கரியிலிருந்து ஒரு கறுப்பு, இரும்பின் துருவகைப் பொருளிலிருந்து ஒரு கறுப்பு என மூன்றையும் எடுத்து, அவற்றோடு நீலம், பச்சை, ஊதா என்பவற்றைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அவர் வேறுபாடு காட்டுகிறார். உற்றுப் பார்க்கப் பார்க்கக் கறுப்புக்குள்ளே குளிர்ச்சியும் வெப்பமும் தென்படும் என்று நண்பர் விளக்கினார்.

நாம் இவ்வாறு பேசிக்கொண்டிருக்கையில், மாடுகளைத் தண்ணீருக்கு விட்டுவிட்டு முதிய கமக்காரர் ஒருவர் நிழலை நாடி வந்தார். கூடவே அவருடைய பேத்தி; பத்து வயதிருக்கும். முதியவர் படத்தைச் சற்று நேரம் பார்த்தார்.

"இது எந்த ஊர் ஆக்கள், மாஸ்டர்? எங்கடை சனம் மாதிரியும் கிடக்கு, இல்லாத மாதிரியும் கிடக்கு" என்றார்.

"அமெரிக்காவிலை இருக்கிற ஆக்கள் ஐயா" என்றோம்.

"அமெரிக்காவிலை கறுத்த ஆக்களும் இருக்கினமோ! வெயிலுக்குள்ளை வேலை செய்யிற சனமாக்கும்."

பருத்தித் தோட்டங்களிலே பல தலைமுறையாக வெயிலில் வருந்திய அடிமைகளின் வழிவந்தவர்கள் என்பதை இயன்றவரையில் எடுத்துச் சொன்னோம். முதியவர் வாய்திறவாது தலையசைத்தார். சிறுமியோ அழகு நிலைய ஓவியத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதிலே பெண்கள் தலை சீவி, நகை பூண்டு, கண்ணாடி முன்னே நிற்கிறார்கள். நடுவே, நிலத்தில், கோணலாக நீண்டு ஒரு பொன்முடிப் பெண்ணின் முகம் தெரிகிறது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் மாத்திரம் ஒழுங்காகத் தெரியும் வகையில் அது வரையப்பட்டிருக்கிறது. சிறு குழந்தை ஒன்று குனிந்து அதனை உற்றுப் பார்க்கிறது. அழகு என்றால் வெள்ளை முகம் என்ற எண்ணம் அந்த அறைக்குள்ளும் நிழல்போல் விழுந்து கிடப்பதை ஓவியர் இவ்வாறு காட்டியிருக்கிறார்.

சிறுமி கேட்டாள்: "சேர், இந்த அக்காமார் ஏன் பவுடர் பூசேல்லை?"

எமக்கு மறுமொழி தோன்றவில்லை. நண்பர்தான், "பூசத் தேவையில்லை எண்டு நினைச்சினம் போல, பிள்ளை" என்றார். அவள் சிறிது யோசித்துவிட்டு, "மற்றப் பக்கத்தையும் காட்டுங்கோ" என்றாள்.

அவளுடைய கேள்வி எமது நெஞ்சிலே தைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர், இந்தக் குளத்து நீர் பாயும் ஊரொன்றிலிருந்து வந்த மாணவி ஒருத்தி பரீட்சையிலே முதன்மை பெற்றாள். கல்லூரி ஆண்டு மலரில் அவளுடைய படத்தை முழுப்பக்கத்தில் வெளியிடுவதென முடிவாயிற்று. மலரின் பொறுப்பு எம்முடையது. படம் வந்தபோது, "முகம் இருண்டு கிடக்கிறது, சற்று வெளுப்பாக்கித் தாருங்கள்" என்று நிழற்படக்காரரிடம் சொன்னவர் நாமே. தீய எண்ணம் எதுவுமில்லை. மாணவிக்கு நன்மை செய்வதாகவே நினைத்தோம். பரிசளிப்பு விழாவன்று அவளுடைய தாயார் மலரை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பின்னர் எம்மிடம் வந்து, "என்ரை பிள்ளையின்ரை படம் எத்தனையாம் பக்கத்திலை, சேர்?" என்று பணிவாகக் கேட்டார். அவர் விரல் வைத்திருந்த பக்கமே அந்தப் பக்கம். அன்று நாம் சிரித்துச் சமாளித்தோம். குளக்கட்டிலே, அந்தச் சிறுமியின் கேள்விக்குப் பின், எமக்குச் சிரிப்பு வரவில்லை.

முதியவரிடமும் பேத்தியிடமும் விடைபெற்றுக்கொண்டு, குளத்தை அண்டிய அகழ்வாய்வுப் பகுதியை நோக்கி நடந்தோம். கட்டுக்கரை என்றால் குளம் மாத்திரமே என்றிருந்த நிலையை மாற்றியது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் தலைமையில் 2016, 2017ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற அகழ்வாய்வாகும். பெருங்கற்காலப் பண்பாட்டைச் சேர்ந்த கறுப்புச் சிவப்பு மட்கல ஓடுகளும், இரும்புருக்கிய தொழிலின் எச்சங்களும், மனித உருவங்களும் விலங்குருவங்களுமாகச் சுடுமண் சிற்பங்களும் இங்கே வெளிப்பட்டன. தெற்கே பொம்பரிப்பிலும் கடலுக்கப்பால் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த மட்கலங்களோடு உறவுடையன இவை.

கறுப்புச் சிவப்பு மட்கலம் உருவாகும் முறை எளிமையானது, ஆனால் நுட்பமானது. கலத்தைச் சூளையிலே கவிழ்த்து வைத்துச் சுடுவார்கள். வெளிப்புறத்துக்குக் காற்றுப் படுவதால் அது சிவக்கும். உட்புறத்துக்குக் காற்று எட்டாமையால், புகையும் கரியும் சேர்ந்து அதனைக் கறுப்பாக்கிவிடும். இரண்டாயிரம் ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தாலும் அந்தக் கறுப்பு அழிவதில்லை. நிலத்தில் குனிந்து நின்ற நண்பர் திடீரென்று நிமிர்ந்து சொன்னார்: "மார்ஷலின் கறுப்பைப் புத்தகத்திலே தேடினோம். கரியும் இரும்பும் நெருப்பும் எங்கள் காலின் கீழே அல்லவா கிடக்கின்றன!"

உண்மைதான். இந்தச் சுடுமண் உருவங்களைச் செய்தவன் அரண்மனைச் சிற்பியல்லன். குளத்து மண்ணையே குழைத்து, விரலாலே மூக்கைக் கிள்ளி, தன்னூர் மனிதரின் முகத்தை ஆக்கிச் சூளையில் இட்டான். அந்த முகத்தை வெளுப்பாக்க வேண்டும் என்று அவன் எண்ணியதற்கு அறிகுறி எதுவுமில்லை. அந்த எண்ணம் எமக்கு எங்கிருந்து வந்தது?

தமிழர் கருமையை இகழ்ந்தவர் அல்லர். கார்முகிலை நோக்கித் தவங்கிடக்கும் கமக்காரர் கருமையை எவ்வாறு வெறுப்பர்? திருமாலைக் கரியவன் என்றோம். காளி என்ற பெயரிலேயே கருமை இருக்கிறது. கருவறையிலே நெய்யும் எண்ணெயும் ஊறிய கருங்கல் மேனியின் முன்னே கண்ணீர் மல்க நிற்கிறோம். ஆயினும், கோயிலை விட்டு வெளியே வந்ததும் வீட்டுச் சுவரில் மாட்டுவதற்கு வெளுத்த முகமுள்ள படத்தையே வாங்குகிறோம். இரவி வர்மா 1894ஆம் ஆண்டு அச்சகம் நிறுவித் தமது ஓவியங்களை வீடுதோறும் பரப்பத் தொடங்கிய நாள் முதலாக, தெய்வங்களின் மேனி நாளடைவில் வெளுத்து வந்ததை நாட்காட்டிகளைப் பார்ப்போர் அறிவர். குற்றத்தை அவர் ஒருவர்மேற் சுமத்துவது நியாயமன்று. அந்நியர் ஆட்சியும், சாதிச் செருக்கும், கலியாணச் சந்தையும் சேர்ந்து செய்த வேலை அது. ஆசிரியர்களாகிய நாமும் அதற்குத் துணைபோனோம்.

திரும்பும் வழியிலே நண்பர் மற்றுமொரு செய்தியைக் கூறினார். மார்ஷல் 1995ஆம் ஆண்டு, சிக்காகோ நகரப் பொது நூலகக் கிளை ஒன்றுக்காக, பிள்ளைகள் பெரும் புத்தகங்களை அண்ணாந்து வியந்து நிற்கும் ஓவியமொன்றை வரைந்து கொடுத்தார். 2018ஆம் ஆண்டு நகர நிருவாகம் அதனை ஏலத்தில் விற்க முற்பட்டது. ஓவியரும் ஊராரும் மறுப்புத் தெரிவிக்கவே, அந்த முயற்சி கைவிடப்பட்டது. ஏழைப் பிள்ளைகள் நாள்தோறும் வந்துபோகும் இடத்தில் அவர்களுடைய முகம் சுவரில் இருக்கவேண்டும் என்பதே அதன் கருத்து. கட்டுக்கரைச் சுடுமண் முகங்களுக்கும் இதுவே பொருந்தும். அவை எங்கே பாதுகாக்கப்பட்டாலும், இந்தக் குளத்து நீரில் விளைந்த சோற்றை உண்ணும் பிள்ளைகள் ஒருமுறையேனும் அவற்றின் முன்னே நிற்கவேண்டும். சிரம்பியடிப் பிள்ளைகளின் வரலாறும் அவ்வாறே ஏதேனும் ஒரு சுவரில் இடம்பெற வேண்டும்.

அடுத்த நாள் நண்பர் தமது வகுப்பிலே ஒரு புதிய வழக்கத்தைத் தொடங்கினார். வண்ணப் பெட்டியிலே 'தோல் நிறம்' என்று விற்கப்படும் இளஞ்சிவப்புக் கோலை எல்லோரும் அப்புறம் வைத்துவிட்டு, தத்தம் புறங்கையைப் பார்த்து நிறம் கலக்கவேண்டும் என்றார். அன்று அந்த வகுப்பில் முப்பது வகையான நிறங்கள் பிறந்தனவாம்.

எமக்கு வேறொரு வேலை இருந்தது. அந்த மாணவியின் மூலப் படம் எமது மேசை இழுப்பறையிலே பழைய கடிதங்களுக்கு அடியில் கிடந்தது. அதனைப் பெரிதாக்கிச் சட்டமிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவ்வூருக்கு எடுத்துச் சென்று, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். தாயார் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. சேலைத் தலைப்பினால் கண்ணாடியைத் துடைத்து, வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுதான் சேர் என்ரை பிள்ளை" என்றார்.